ஒன்டாரியோ ஏரியில் பாய்மரப் படகு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் படகு 30 அடி நீளம், ஒற்றைப் பாய்மரம், உள்ளே ஒரு சின்ன டீசல் எஞ்சின். டொராண்டோவில் நிற்கிறது. கோடை வந்தால் யாராவது ஒரு நண்பரோ உறவினரோ வந்து ஏறுவார்கள். கரை விட்டுப் பத்து நிமிடத்துக்குள் அதே கேள்விகள் தொடங்கிவிடும். பதில் சொல்லிச் சொல்லி மனப்பாடமே ஆகிவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஏரிதானே? அக்கரை தெரியுமில்ல?

தெரியாது. நமக்கு ஏரி என்றதும் கரை, மதகு, கலங்கல், எதிரே பனைமர வரிசை இதெல்லாம் மனதில் வந்துவிடுகிறது. வீராணத்தையே பெரிதென்று பார்த்து வளர்ந்த கண் நமக்கு. ஒன்டாரியோ ஏரியின் நீளம் 311 கி.மீ., அகலம் 85 கி.மீ., ஆழம் அதிகபட்சம் 244 மீட்டர். ஐம்பேரேரிகள் எனப்படும் வட அமெரிக்காவின் ஐந்து பெரிய ஏரிகளில் பரப்பளவில் இதுதான் கடைக்குட்டி. மூத்தது சுப்பீரியர், 563 கி.மீ. நீளம், 406 மீட்டர் ஆழம்.

நடு ஏரிக்குப் போனால் நாலு பக்கமும் தண்ணீர்தான். தெளிவான நாளில் மட்டும் 553 மீட்டர் உயர சிஎன் டவரின் நுனி, அடிவானத்தில் குத்தி வைத்த ஊசி மாதிரி தெரியும்.

உப்பு இல்லங்கறதால படகுக்கு நல்லதுதானே?

பெரும்பாலும் நல்லதுதான். வெளியே போய்வந்த பிறகு படகு முழுக்க நல்ல தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டாம், கயிறு விறைக்காது, இரும்பு அவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்காது. இங்கே 40 வயதுப் படகுகள் சாதாரணமாக ஓடுகின்றன. எங்களுடையதும் அந்த ரகம்தான்.

ஆனால் உப்பில்லாத் தண்ணீருக்கும் சில குணங்கள் உண்டு. கடல்நீரைவிட இதன் அடர்த்தி சுமார் இரண்டரை சதவீதம் குறைவு, அதனால் படகு ஒரு துளி ஆழமாக அமிழும். ஃபைபர் உடலுக்குள் நீர் ஊறிக் கொப்புளம் வருவது கடலைவிட இங்கே சுலபம். அப்புறம், உலோக அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளப் படகின் அடியில் ஒரு பலிக்கட்டி மாட்டுவார்கள். கடலில் அது துத்தநாகம். ஏரியில் துத்தநாகத்தின் மேல் ஒரு படலம் படிந்து அது வேலை செய்யாமல் நின்றுவிடும், அதனால் மக்னீசியம் போட வேண்டும். கடலோரத்திலிருந்து படகு வாங்கி வருகிறவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை.

எனக்கு நீந்தத் தெரியாது, வரலாமோ?

வரலாம். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வரலாம். ஆளுக்கு ஒன்று படகில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதை உடம்பில் போட்டிருக்க வேண்டும் என்பது எங்கள் படகின் சட்டம். நீச்சல் தெரிந்தவருக்கும் இதேதான். அவரை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை, ஏனென்றால் "எனக்குத்தான் தெரியுமே" என்று கழற்றி வைப்பவர் அவர்.

இங்கே ஆளைக் கொல்வது ஆழமல்ல, குளிர். 4 டிகிரியில்தான் நல்ல தண்ணீரின் அடர்த்தி உச்சம். அந்தக் கனத்த குளிர்நீர் அடியில் போய்த் தங்கிவிடும், கோடையின் சூடு மேலே ஒரு போர்வை மாதிரி மட்டும் கிடக்கும். நிலத்திலிருந்து ஏரிப் பக்கம் காற்று இரண்டு நாள் பலமாக அடித்தால் அந்தப் போர்வை விலகி, அடித் தண்ணீர் கரையோரம் மேலே வந்துவிடும். சனிக்கிழமை இதமாக இருந்த இடத்தில் திங்கட்கிழமை கால் நனைக்க முடியாது. ஆகஸ்ட்டிலும் இது நடக்கும்.

மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீருக்காகச் சொன்ன கணக்கு 1-10-1. விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு திணறும், நம்மை அறியாமல் வாயைத் திறந்து இழுப்போம். அந்த நேரத்தில் தலை தண்ணீருக்கு மேல் இருந்தாக வேண்டும். அடுத்த 10 நிமிடம் கைகால் நாம் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். முதல் நிமிடத்திலேயே பலர் மூழ்கிவிடுகிறார்கள். அந்த நிமிடத்தில் நீச்சல் உதவாது, மிதக்க வைக்கும் ஜாக்கெட்தான் உதவும்.

வாந்தி வருமா?

வரலாம். ஏரி அலை குட்டையானது, செங்குத்தானது, நாலைந்து விநாடிக்கு ஒன்றாக வரும். ஏன் என்பது கீழே கடலோடியின் கேள்வியில் இருக்கிறது. வெறும் வயிற்றோடு வராதீர்கள், உள்ளே போய்ப் படுக்காதீர்கள், போனைப் பார்க்காதீர்கள். மாத்திரை போடுவதென்றால் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், தலைசுற்ற ஆரம்பித்தபின் போட்டுப் பலனில்லை. முடியாவிட்டால் சுக்கானைக் கையில் கொடுத்துவிடுவேன். தூரத்தைப் பார்த்து ஓட்டுகிறவருக்குப் பெரும்பாலும் குமட்டல் அடங்கிவிடுகிறது.

காத்து எதிர்ல அடிக்குது, படகு எப்படி முன்னால போகுது?

நேரே எதிர்த்துப் போகாது. காற்று வரும் திசைக்கு இருபுறமும் ஏறக்குறைய 45 டிகிரி வரை பாய் வேலை செய்யாது, படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்த எல்லையை ஒட்டிக் கொஞ்ச தூரம் வலமாக, பிறகு திரும்பிக் கொஞ்ச தூரம் இடமாக, மலைப்பாதை கொண்டை ஊசி வளைவில் ஏறுகிற மாதிரி வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும்.

பாய் காற்றை வாங்கும் பை இல்லை. விமான இறக்கையை நிமிர்த்தி வைத்த மாதிரி. வளைந்த பாயின் இருபுறமும் காற்று ஓடும்போது உண்டாகும் இழுவிசை படகைப் பக்கவாட்டிலும் கொஞ்சம் முன்பக்கமாகவும் இழுக்கும். பக்கவாட்டு இழுப்பை, படகின் அடியிலிருந்து நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கனத்த தகடான கீல் தடுத்துவிடுகிறது. மிச்சமிருப்பது முன்னே போகிற விசை. ஈரமான மாங்கொட்டையை இரண்டு விரலால் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு முன்னால் பாயுமே, அதுபோல. இந்த உதாரணம் சொன்னபின் யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை.

ஐயோ, சாயுது! கவிழ்ந்துடாதா?

சாயும். சாய்வது அதன் வேலை. மேலே சொன்ன கீல் வெறும் தடுப்பு மட்டுமல்ல. எங்கள் படகின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஈயக் கட்டியில்தான் இருக்கிறது. படகு சாயச் சாயக் கீல் பக்கவாட்டில் தூக்கப்படுகிறது, நிமிர்த்தும் விசை கூடுகிறது. அதே நேரம் பாய் படுத்துக்கொண்டு காற்றை வழியவிடுகிறது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை மாதிரி. கீல் இல்லாத சிறு பயிற்சிப் படகு மட்டும் கவிழும். அதைக் கவிழ்த்து நிமிர்த்துவதையே முதல் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அதிகமாகச் சாய்ந்தால் வேகம் கூடாது, குறையும். அப்போது பாயின் பரப்பைச் சுருக்க வேண்டும். "சுருக்கலாமா?" என்று நினைப்பு வந்த அந்த நொடியே சுருக்கிவிடுவது நல்லது.

காத்தே இல்லன்னா?

எஞ்சின். ஜூலையில் மதியம் வரை கண்ணாடி மாதிரி கிடக்கும் நாட்கள் ஏராளம். எஞ்சினோ பாயோ, 30 அடிப் படகு 6 அல்லது 6.5 நாட் வேகத்துக்கு மேல் போகாது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ., அதாவது சைக்கிளில் போகிறவர் நம்மை முந்திவிடுவார். எதையும் அவசரமாகச் செய்ய நினைக்கிறவருக்கு இது ஒத்துவராது.

இதுக்கு லைசென்ஸ் வேணுமா?

கனடாவில் மோட்டார் பொருத்திய உல்லாசப் படகை ஓட்டுபவரிடம் படகோட்டுநர் அட்டை இருக்க வேண்டும். பாய்மரப் படகில் எஞ்சின் இருந்தால் அதுவும் இதில் அடங்கும், எஞ்சினை அணைத்து வைத்திருக்கிறேன் என்ற வாதம் எடுபடாது. தேர்வு எளிது. எளிது என்பதுதான் குறை. அட்டை கிடைத்ததும் படகோட்டத் தெரிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் வானொலியில் பேசத் தனிச் சான்றிதழ் உண்டு, அதையும் வாங்கிவிடுங்கள்.

ஒரு படகு வாங்கிப் போட்டுட்டுக் கத்துக்கலாம்னு இருக்கேன்

வேண்டாம். நான் அப்படித்தான் செய்தேன். முதல் கோடையில் படகு ஓடியதைவிடப் பழுதுபார்க்க நின்ற நாட்கள் அதிகம். வாங்குமுன் படகைச் சோதித்துச் சொல்லும் ஒரு சர்வேயரை வைத்துப் பார்க்காததால், மேல்தளத்தின் மரத்தடுக்கு ஊறிப்போயிருந்தது தெரியாமல் போயிற்று. மிதித்தால் பிஸ்கட் மாதிரி நமுத்துப் போன சத்தம் வந்தது.

ஏரியோரக் கிளப்புகளில் வாரநாள் மாலைகளில் போட்டி ஓட்டம் நடக்கும். படகு வைத்திருப்பவர்களுக்கு எப்போதும் ஆள் தட்டுப்பாடு. நேரத்துக்கு வருகிற, சொன்னதைக் கேட்கிற, வெள்ளை அடி ஷூ போட்ட ஒருவரை வேண்டாமென்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு பருவம் அடுத்தவர் படகில் கயிறு இழுத்தபின் வாங்குவதா என்று முடிவு செய்யுங்கள்.

எந்த மாசம் நல்ல மாசம்?

மே மாதத்தில் படகு இறங்கும், ஆனால் தண்ணீர் நடுக்கும். சூடான காற்று அந்தக் குளிர்நீர் மேல் வந்ததும் மூடுபனி இறங்கும், ஜூன் வரை இது உண்டு. ஜூலை, ஆகஸ்ட் குடும்பத்தோடு போக. நிலம் காய்ந்ததும் பிற்பகலில் ஏரியிலிருந்து கரைப் பக்கம் ஒரு மென்காற்று தொடங்கும், டொராண்டோவில் அது தெற்கிலிருந்து வருவதால் தென்றல் என்றே கூப்பிடுகிறோம். எனக்குப் பிடித்தது செப்டம்பர். தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பு, காற்று நிலையானது, கூட்டமும் இல்லை.

அக்டோபர் முடியுமுன் வெளியே வந்துவிட வேண்டும். நவம்பர் காற்று வேறு ஜாதி. 1975 நவம்பர் 10 அன்று சுப்பீரியரில் மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு 222 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல். அதிலிருந்த 29 பேரில் ஒருவரும் மீளவில்லை.

வெயில் நல்லா அடிக்குதே, ஏன் இன்னிக்கு வேண்டாங்கறீங்க?

வெயிலைப் பார்த்து முடிவு செய்வதில்லை. கனடாவின் கடல்சார் வானிலை அறிக்கை காற்றை நாட் கணக்கிலும் அலையை மீட்டரிலும் தனித்தனியே சொல்லும். 20 முதல் 33 நாட் வரை பலத்த காற்று எச்சரிக்கை, 34க்கு மேல் சூறைக்காற்று எச்சரிக்கை. 10 நாட் காற்று 20 ஆனால் பாயின் மேல் விசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. விருந்தினர் இருந்தால் 15க்கு மேல் நான் கிளம்புவதில்லை.

அலை உயரத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. 1 மீட்டர் என்று சொன்னால், எல்லா அலைகளிலும் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. இடையில் ஒன்றிரண்டு 2 மீட்டரும் வரும், அறிக்கை பொய்யென்று அர்த்தமில்லை.

நான் கடல்லயே ஓட்டினவன். ஏரியெல்லாம் எனக்கு எம்மாத்திரம்?

இப்படிக் கேட்டவர் உண்மையிலேயே நல்ல மாலுமி. திரும்பி வந்தபின் "இந்த அலைக்கு முதுகெலும்பே இல்லை, வெறும் பல்லுதான் இருக்கு" என்றார்.

கடலில் தொலைதூரத்துப் புயலிலிருந்து வரும் அலை நீளமானது, பத்து விநாடிக்கு மேல் இடைவெளி இருக்கும். படகு ஏறி இறங்க நேரம் கிடைக்கும். ஏரியில் காற்று ஓடுவதற்கு அவ்வளவு தூரம் இல்லை. அலை நீளவே வாய்ப்பில்லாமல், உயரம் மட்டும் கூடி நெருக்கமாக வரும். ஒன்றில் ஏறி இறங்குமுன் அடுத்தது அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், அறையும். படகு நின்றே போகும்.

எந்தக் காற்று என்பதும் முக்கியம். ஒன்டாரியோ கிழக்கு மேற்காக நீண்டது. மேற்கிலிருந்து மேல்காற்று 20 நாட் அடித்தால் டொராண்டோவில் தண்ணீர் கிட்டத்தட்ட சமதரை, கிழக்கு முனையில் கிங்ஸ்டன் பக்கம் முழு ஏரியின் அலையும் போய்ச் சேரும். கொண்டல், அதாவது கிழக்கிலிருந்து வரும் கீழ்காற்று, அடித்தால் தலைகீழ்; அன்றைக்கு டொராண்டோ, ஹாமில்டன் துறைமுக வாயில்களில் நுழைவதே சோதனை. கீழ்காற்று இரண்டாம் நாளாக அடிக்கிறதென்றால் படகைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன்.

ஏரிக்கு ஏற்றவற்றம் உண்டா?

நிலவால் உண்டாவது 5 சென்டிமீட்டருக்கும் குறைவு, கண்ணுக்கே தெரியாது. ஆனால் மட்டம் மாறும். தட்டில் தண்ணீர் வைத்து ஒரு பக்கம் ஊதினால் மறுபக்கம் ஏறுகிற மாதிரி காற்று ஏரியையே சாய்த்துவிடும், காற்று நின்றதும் தண்ணீர் முன்னும் பின்னும் ஆடும். ஈரி ஏரி சராசரி 19 மீட்டர்தான் ஆழம், அதனால் அங்கே இது பெரிது. பலத்த தென்மேற்குக் காற்றில் அதன் கிழக்கு முனையில் பஃபலோ பக்கம் 2 மீட்டருக்கு மேல் ஏறிவிடும், மேற்கு முனையில் டொலீடோ பக்கம் படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிடும்.

பருவத்துக்குப் பருவமும் மாறும். ஒன்டாரியோ பெரும்பாலும் ஜூனில் உயர்ந்து குளிர்காலத் தொடக்கத்தில் தாழும். 2017, 2019 ஆண்டுகளில் டொராண்டோ தீவுகளுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. நீர்வரைபடத்தில் போட்டிருக்கும் ஆழமெல்லாம் கடல்மட்டத்துக்கு 74.2 மீட்டர் மேலே குறித்த ஒரு தாழ்மட்டத்திலிருந்து அளந்தது. இன்றைய மட்டம் அதைவிட எவ்வளவு மேலே என்று பார்த்து, அதை வரைபட ஆழத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். மட்டம் தாழ்ந்ததை மறந்து, செப்டம்பரிலும் ஜூன் கணக்கையே நம்பிப் போய்க் கீலைத் தரையில் தட்டியவர்களில் நானும் ஒருவன்.

பெரிய கப்பல் வந்தா யார் ஒதுங்கணும்?

நாம்தான். பாய்மரத்துக்கு எஞ்சின் படகு வழிவிட வேண்டும் என்ற விதி உண்மைதான், ஆனால் குறுகிய கால்வாயில் செல்லும் கப்பலுக்கு நாம் குறுக்கே போகக்கூடாது என்பதும் விதியே. ஒன்டாரியோவில் 225 மீட்டர் நீளக் கப்பல்கள் ஓடுகின்றன, சுப்பீரியர் போன்ற மேலேரிகளில் 300 மீட்டருக்கும் மேல் உண்டு. நின்றுவிடு என்றால் நிற்காது. ஐந்து முறை குறுகக் குறுக ஊதினால், "நீ என்ன செய்யப் போகிறாய் என்று எனக்குப் புரியவில்லை" என்று பொருள்.

இரண்டு பாய்மரங்கள் எதிர்ப்பட்டால், வலப்புறமிருந்து காற்று வாங்கும் படகுக்கு வழி. இருவருக்கும் ஒரே புறமென்றால் காற்று வரும் பக்கம் இருப்பவர் விலக வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால், பாய் விரித்திருந்தாலும் நீங்கள் எஞ்சின் படகுதான்.

அத்தனை உயரத்துக்கு அலுமினியக் கம்பம். இடி விழாதா?

விழலாம். இதில் நல்ல தண்ணீர் கடலைவிட மோசம். உப்புநீர் மின்சாரத்தைச் சட்டென்று பரவவிடும். ஏரிநீர் அவ்வளவு நன்றாகக் கடத்தாது. அதனால் கம்பத்தின் வழியே இறங்கும் மின்னல் வெளியே போக வழி தேடிப் படகுக்குள் பக்கவாட்டில் தாவும், சில சமயம் உடலையே துளைத்துக்கொண்டு போகும்.

பளிச்சென்று வெட்டியதிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணுங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கி.மீ. துறைமுகத்துக்கு ஓட நேரமில்லையென்றால் எல்லோரும் உள்ளே, கம்பத்தையும் கம்பிகளையும் விட்டு விலகி உட்கார வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு உலோகத்தைத் தொடக்கூடாது. கையடக்க வானொலியையும் போனையும் சமையலறை அடுப்பின் ஓவனுக்குள் போட்டு மூடிவிடுவோம், உலோகப் பெட்டி காப்பாற்றும் என்ற நம்பிக்கை. அப்புறம் அவற்றை வெளியே எடுத்தாயிற்றா என்று பார்க்காமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

டாய்லெட் இருக்கா? அது எங்க போகுது?

இருக்கிறது. அது ஏரிக்குப் போகாது. கழிவு படகுக்குள்ளேயே ஒரு தொட்டியில் சேரும். மெரினாவில் குழாய் மாட்டி உறிஞ்சி எடுப்பார்கள். (மெரினா என்றால் இங்கே கடற்கரை இல்லை, படகு கட்டும் துறை.) லட்சக்கணக்கானவர்கள் குடிக்கும் தண்ணீர் இது. அதற்காக வாளியில் அள்ளி அப்படியே குடிக்காதீர்கள், பாத்திரம் கழுவலாம்.

ஆளுக்கொரு பீர் போடலாமா?

ஓடும்போது யாருக்கும் கிடையாது. ஒன்டாரியோ மாகாணத்தில் படுக்கை, சமையல் வசதி, கழிவறை மூன்றும் நிலையாக உள்ள படகில், நங்கூரம் போட்டோ கரையில் கட்டியோ நிற்கும்போதுதான் அனுமதி. குடித்துவிட்டு ஓட்டினால் கார் ஓட்டியதற்கு என்ன தண்டனையோ அதே சட்டம்தான்.

முதல் தடவை ராத்திரி தங்கற மாதிரி எங்க போகலாம்?

டொராண்டோக்காரர்களின் முதல் பயணம் பெரும்பாலும் நயாகரா-ஆன்-த-லேக். ஏரியைக் குறுக்கே கடந்து 50 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு, ஐந்தாறு மணி நேரம். எங்கள் முதல் பயணத்தில் காலை ஆறரைக்குக் கிளம்பினோம். பத்து மணிக்குள் காற்று செத்துவிட்டது, படகு மேல் ஒரு லட்சம் சின்னப் பூச்சிகள் வந்து உட்கார்ந்தன. மத்தியானம் வடகிழக்கிலிருந்து காற்று எழுந்தது. நல்லதாயிற்று என்று எஞ்சினை அணைத்தோம்.

ஆற்று வாயில்தான் பாடம். நயாகரா ஆறு ஏரிக்குள் வேகமாக வந்து விழுகிறது, வாய்க்கு வெளியே மணல்திட்டு. ஆறு ஒரு திசையில், வடகிழக்குக் காற்றலை எதிர்த்திசையில். இரண்டும் மோதி அலை சுவர் மாதிரி நின்றது. உள்ளே அலமாரி திறந்து இட்லிப் பொடி டப்பா தரையில் கொட்டி, அதன்மேல் தண்ணீர் கேன் கவிழ்ந்தது. அடுத்த கோடை வரை படகில் பெருங்காய வாசனை. எஞ்சினை முழு வேகத்தில் வைத்து, நீரோட்டத்தை எதிர்த்து அங்குலம் அங்குலமாக உள்ளே போனோம். வடக்குக் காற்று உள்ள நாளில் அங்கே போகாதீர்கள், வேறொன்றும் சொல்வதற்கில்லை.

நங்கூரம் போட்டுத் தங்க ஏரியின் மேற்குப் பாதியில் இயற்கையான ஒதுக்கிடம் மிகக் குறைவு, மெரினாதான். கிழக்கே குவின்டி விரிகுடா, ப்ரின்யர்ஸ் கோவ், ஆயிரம் தீவுகள் என்று போனால் இடத்துக்குப் பஞ்சமில்லை. கயிறு எவ்வளவு விடுவது என்றால், தண்ணீர் 4 மீட்டர், அணியம் நீர்மட்டத்துக்கு 1 மீட்டர் மேலே, மொத்தம் 5. பகலில் அதைப்போல் 5 மடங்கு, அதாவது 25 மீட்டர். இரவில் தூங்கப் போகிறீர்கள் என்றால் 7 மடங்கு, 35 மீட்டர். நங்கூரத்தில் பாசி சுருண்டு வந்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தம், தூக்கிச் சுத்தம் செய்து மறுபடி போட வேண்டும்.

ஆத்துக்கு அந்தப் பக்கம் அமெரிக்காதானே, சும்மா இறங்கிப் பார்க்கலாமா?

சும்மா இறங்க முடியாது. கரையில் கால் வைத்தாலும் கயிறு கட்டினாலும் எல்லைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், திரும்பும்போது கனடாவுக்கும். படகில் உள்ள ஒவ்வொருவரிடமும் கடவுச்சீட்டு, தேவைப்படுகிறவர்களிடம் விசா இருக்க வேண்டும். விருந்தினரைக் கூட்டிப் போகும்போது இதைக் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள், நடு ஏரியில் கேட்டுப் பயனில்லை.

நயாகரா அருவி இருக்கே, அப்ப ஈரி ஏரிக்கு எப்படிப் போறது?

வெல்லண்ட் கால்வாய் வழியாக. 43 கி.மீ., 8 பூட்டுத்தடுப்புகள், மொத்தம் 99.5 மீட்டர் ஏற்றம். கதவு மூடிய தொட்டிக்குள் படகு நிற்க, தண்ணீர் நிரப்பி ஒவ்வொரு படியாக உங்களைத் தூக்குவார்கள். 6 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு அனுமதியில்லை. சரக்குக் கப்பல்களுக்குத்தான் முதலிடம், அதனால் ஒரு முழு நாளை ஒதுக்கிவையுங்கள். சுவரில் உராயாமலிருக்கக் காற்று உருளைகளை இருபுறமும் கட்டிக்கொள்ளுங்கள்.

ஹூரான் ஏரிக்குக் குறுக்குவழி வேண்டுமென்றால் ட்ரென்ட்-செவர்ன் நீர்வழி, 386 கி.மீ. அழகான வழி, ஆனால் தாழ்ந்த பாலங்களுக்காகப் பாய்மரத்தையே கழற்றிப் படுக்க வைக்க வேண்டும். வண்டியில் ஏற்றிக்கொண்டு சிறிய உள்நாட்டு ஏரிக்குப் போகிறவர்களுக்கு வேறொரு கடமை இருக்கிறது. 1988இல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்ட வரிச்சிப்பி, கப்பல்கள் ஆடாமல் நிற்கத் தம் வயிற்றில் நிரப்பும் நிலைப்பு நீரோடு வந்து இன்று எல்லாப் பேரேரிகளிலும் ஒட்டிக்கிடக்கிறது. படகு, டிரெய்லரில் ஒட்டிய செடிகொடிகளை எடுத்து, உள்ளேயிருக்கும் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் சாலையில் ஏற்ற வேண்டும். ஒன்டாரியோ மாகாணத்தில் 2022 முதல் இது சட்டம்.

பனிக்காலத்திலை படகை எங்கை விடுறனியள்?

கரையில். அக்டோபரில் பளுதூக்கியில் தூக்கித் தாங்குகட்டையில் வைத்துவிடுவோம். ஒன்டாரியோ ஏரி ஆழமானதால் முழுதாக உறைவது அபூர்வம், ஆனால் துறைமுகங்கள் உறையும். தண்ணீர் பனிக்கட்டியானால் 9 சதவீதம் விரியும். எஞ்சினிலோ குழாயிலோ ஒரு கோப்பைத் தண்ணீர் தங்கினாலும் வெடிக்கும். நஞ்சில்லாத இளஞ்சிவப்பு உறைதடுப்பான் ஊற்றுவோம். காருக்குப் போடுவதைக் குடிநீர்க் குழாயில் ஊற்றக்கூடாது, அது விஷம்.

போன்ல மேப் இருக்கே, பேப்பர் எதுக்கு?

போன் நனையும், சூடாகி அணையும், விழும். எங்களுடையது ஒன்று 60 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது.

நீங்களே தண்ணியில விழுந்துட்டா, கூட இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க?

இது என் மனைவி கேட்டது. கேட்ட அன்றுவரை என்னிடம் பதில் இல்லை. மறுநாளே ஒரு பழைய காற்று உருளையைத் தண்ணீரில் வீசிவிட்டு "இதுதான் நான், எடு" என்றேன். அவள் அதை எடுக்க 14 நிமிடம் ஆனது. முன்னே சொன்ன 1-10-1 கணக்கில் அதற்குள் என் கைகால் ஓய்ந்திருக்கும்.

இப்போது கிளம்புமுன் எல்லோருக்கும் சில விஷயங்களைக் காட்டுகிறேன். ஒருவர் விழுந்தவரை விட்டுக் கண்ணையும் விரலையும் எடுக்காமல் சுட்டிக்கொண்டே நிற்க வேண்டும். இரண்டு அலைக்கு அப்பால் தலை தெரியாது. மிதவையை வீச வேண்டும். பாய்க் கயிறுகளை அப்படியே விட்டுவிட வேண்டும், படகு தானாக வேகமிழக்கும். தண்ணீரில் கயிறு எதுவும் தொங்கவில்லை என்று பார்த்தபின்தான் எஞ்சின், இல்லையென்றால் சுழலியில் சுற்றிக்கொள்ளும். வானொலியில் சிவப்பு மூடியைத் திறந்து அதற்குள் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நாம் இருக்கும் இடத்தோடு அபாயச் செய்தி போகும். 16ஆம் அலைவரிசையில் "மேடே" என்று மூன்று முறை சொல்லிப் பேசலாம். நனைந்த ஆளை மேலே தூக்குவதுதான் எல்லாவற்றிலும் கடினம், அதனால் பின்புற ஏணியைத் தண்ணீரிலிருந்தே இழுத்து இறக்கும்படி கயிறு கட்டி வைத்திருக்கிறேன். சென்ற கோடையில் மனைவி உருளையை எடுத்தது 4 நிமிடத்தில்.

அம்மாவுக்கு 72 வயசு, ஊர்லேர்ந்து வந்திருக்காங்க. கூட்டிட்டு வரவா?

கூட்டிட்டு வாங்க. ஏரிக்கு வெளியே போக வேண்டாம். டொராண்டோ தீவுகளுக்கு உட்புறம் துறைமுகத்துக்குள்ளேயே இரண்டு மணி நேரம் சுற்றலாம், அலை இருக்காது. காற்று 10 நாட்டுக்குக் கீழே உள்ள ஒரு மாலையைப் பார்த்துச் சொல்கிறேன். புடவை பரவாயில்லை, செருப்பு மட்டும் வழுக்காததாக இருக்கட்டும். முப்பது டிகிரி வெயிலானாலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்து வரச் சொல்லுங்கள். ஏறும்போது கம்பியைப் பிடிக்கச் சொல்லுங்கள், என் கையை அல்ல. நானும் சேர்ந்து விழுந்துவிடுவேன்.